ஏ பக்கம், ஐந்தாவது பாட்டு

நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தைப் பார்த்தேன். மாலை போட்ட கங்காணி, இந்த வருஷ நினைவு நாளுக்கு. கீழே ‘தங்கமான மனிதர், நம் தோட்டத்தின் தூண்’. அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கூடவே அவர் நினைவாக ஒரு பாட்டுத் தொகுப்பு: கொழுந்து எடுக்கும்போது பாடிய கும்மி, மலாய் ராக், கிதார் வைத்த கிறிஸ்துமஸ் கீர்த்தனை, திருவிழாத் தப்பு, இங்கிலீஷ் பாட்டு, எல்லாம் கலந்தது. ‘அந்தக் காலத்து ருசி’ என்று தலைப்பு. நம் வயதில் சர்க்கரையும் பிரஷரும் வந்த பிறகு ருசியாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருப்பீர்கள்.

கேட்டேன். நல்ல பாட்டுகள்தாம். ஆனால் யாரும் அடுக்கவில்லை, கொட்டியிருக்கிறீர்கள். ஒன்றுக்கு ஒன்று முதுகு காட்டிக்கொண்டு நிற்கின்றன, கிளினிக்கில் நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப்போல. பலர் பாடியதை ஒரே நாடாவில் கேட்பதன் சுகம் உங்களுக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பில்லை. உங்கள் வீட்டில் என் அக்கா இல்லை.

அக்காவுக்கு அப்போது பதினாறு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மூன்றாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பத்து. மேல் லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா ஈப்போவிலிருந்து வாங்கி வந்த, இரண்டு கேசட் போடுகிற ரேடியோ பெட்டி ஒன்று இருந்தது. ஒரு பக்கத்து மூடி உடைந்துபோய், கேசட்டை ரப்பர் வளையம் போட்டுப் பிடித்திருக்கும். அதில் பதிவு செய்ய இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும். அக்காவின் விரல்கள் கொழுந்து கிள்ளிக் கறுத்து, நுனி வெடித்திருக்கும். அழுத்தினால் வலிக்கும். அதனால் அழுத்துவது என் வேலை.

ராக் பாட்டுகள் எங்களுக்கு லோரியில் வந்தன. கீழ் லயத்தில் இருந்த லோரிக்கார மாமா கொழுந்து மூட்டைகளைப் பேக்டரிக்கு இறக்குவார். அவ்வப்போது தானா ராத்தா டவுனுக்கு ஆபீஸ் வேலையாகப் போவார். அங்கே கேசட் கடை வைத்திருந்த ‘டவுக்கே’ என்னும் சீனக் கிழவரிடம் இரவல் வாங்கி வந்து, எங்கள் வீட்டு வாசலில் லோரியை நிறுத்தி, ஹாரனை இரண்டு முறை அடிப்பார்.

“ஏய் பாட்டுக்காரி! வெள்ளிக்கிழமை திருப்பிக் குடுக்கணும் லா. இந்தத் தடவை நாடா சிக்குனா அந்த டவுக்கே என்னையச் சுருட்டி உள்ள வெச்சிருவான்.”

“மாமா, இதுல என்ன பாடுறான்?”

“எனக்கென்ன தெரியும்? கத்துறான். நல்லாக் கத்துறான்.”

அக்கா அதை அப்படியே பதிய மாட்டாள். ஒரு முழுக் கேசட்டையும் மூன்று நாள் கேட்டு, ஒரே ஒரு பாட்டை எடுப்பாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒரு மலாய்ப் பாட்டுக்காகக் காத்திருப்பாள். பிறகு என்னை இழுத்துக்கொண்டு மலைக்குப் போய், கொழுந்துக்காரப் பெண்கள் கும்மி பாடும்போது பெட்டியைக் கூடைக்குள் மறைத்து வைப்பாள். கிறிஸ்தவக் குடும்பங்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்தபோது ஜன்னலில் பெட்டியை வைத்தாள். தப்படித்தவர்கள் தீயில் தோலைக் காய்ச்சும்போது எழுந்த ‘டும்’ என்ற ஒற்றைச் சத்தத்தைக்கூடப் பிடித்து வைத்தாள். எல்லாம் கையில் சேர்ந்த பிறகுதான் உண்மையான வேலை. அடுக்குவது.

“ஒரு ஆளே பாடுன கேசட்டு, தனியாச் சோறு தின்ற மாதிரிடி. இது பந்தி. யாரு பக்கத்துல யாரு உக்காரணும்னு பாக்கணும்.”

அவள் உட்கார வைத்த விதம்! கேசட் உறையில் முகத்தையே முடி மறைத்திருந்த அந்த நீள முடிக்காரனின் மலாய் ராக் பாட்டு, தொண்டை கிழிந்து, கிதார் அழுது அடங்கும். ஒரு நொடி வெறும் ‘ஸ்ஸ்’. அந்த நொடியில் எங்கள் தகரக் கூரையில் விழுந்த மழை கேட்கும், என் மூச்சுக்கூடக் கேட்கும். உடனே கும்மி. பன்னிரண்டு பெண்களின் கைத்தட்டல். அந்தக் கைத்தட்டல் அதுவரை எங்களுக்குக் கைத்தட்டலாகத்தான் இருந்தது. ராக்குக்குப் பின்னால் வந்தபோதுதான் அது டிரம் என்று தெரிந்தது. அப்புறம் அந்த நீள முடிக்காரனைத் திரும்பக் கேட்டால், அவனும் ஏதோ ஒரு தோட்டத்தில் வேலை போனவனாகத் தெரிந்தான். பாஷை அரைகுறை, ஊர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் அவனும் எங்கள் மேட்டு வீட்டு அக்காமாரும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டார்கள். தோட்டத்தில் யாரும் யாரையும் அப்படி உட்கார வைத்ததில்லை. கோயில் பந்தியிலேயே வைத்ததில்லை. உங்களுக்குத் தெரியும்.

அக்கா நாலாவதாகச் செய்த கேசட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதில் ஏ பக்கம், ஐந்தாவது பாட்டு.

திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, லோரிக்கார மாமாவின் லோரி மூன்றாம் மலை வளைவில் நிற்காமல் பள்ளத்தில் போய்விட்டது. மூட்டைகள் வெடித்துத் தேயிலைச் செடிகள்மேல் பச்சைக் கொழுந்து சிதறிக் கிடந்தது. செடியிலேயே திரும்பப் போய் ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. மாமா தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தார். கட்டிவிட்டவர் கங்காணிதான், அவர்தானே கோயில் தலைவரும். மாமாவைக் கொண்டுவந்து போட்டபோது மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு நனைந்து, சாயம் தோலில் இறங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு பேச்சு லயத்தைச் சுற்றி வந்துவிட்டது: ‘சம்சு குடிச்சிட்டு ஓட்டுனானாம். கங்காணியே வாசனை புடிச்சாராம்.’

மாமாவின் மனைவியை நாங்கள் அத்தை என்போம். இருபத்தெட்டு வயது இருக்கலாம், இடுப்பில் கைப்பிள்ளை. அதிர்ந்து பேசாத பெண். கடையில் உப்பு வேண்டுமென்றாலும் விரலைக் காட்டுவாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். அன்று பெண்கள் மாரடித்து ஓய்ந்த நேரத்தில் அவர் வாயைத் திறந்தார்.

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் சாக்கு. சாக்குக்குள் பெட்டி. அக்கா பின்னாலிருந்து என் முதுகைத் தொட்டாள். அழுத்தினேன். தப்புத்தான். செத்த வீட்டில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தது தப்பு. இன்றுவரை நாங்கள் செய்த தப்புகளில் அது ஒன்றுதான் சரியானது.

இங்கிலீஷ் ராக் பாட்டு இரண்டுக்கு நடுவில் அக்கா அந்த ஒப்பாரியை வைத்தாள். ‘ஏன்?’ என்று கேட்டேன். “ரெண்டு பக்கமும் மாமா கொண்டாந்த பாட்டு. நடுவுல அவருக்குப் பாடுனது. அதுவும் இல்லாம, அவனுங்களும் கத்துறானுங்க, அத்தையும் கத்துச்சு. கத்துறதுல யாரு பெருசுன்னு கேட்டுப் பாரு.” கேட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்பக் கேட்டேன், வீட்டில் யாரும் இல்லாதபோது, சத்தத்தைக் குறைத்து வைத்து. அத்தைதான் பெரிசு.

நாற்பது நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்படியோ தெரிந்திருந்தது.

“திங்கக்கிழமை விசாரிக்க ஆபீசர் வர்றாராம். குடிச்சுத்தான் ஓட்டுனாருன்னு எழுதிட்டா வீட்டக் காலி பண்ணணும்ங்கிறாங்க. அது போகட்டும். புள்ளைக்கு அப்பன் பேரு குடிகாரன்னு ஆயிரும்.” பிள்ளையை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டார். “தொரைமாருக்கு முன்னால எனக்கு வாய் வராது. அன்னிக்கி வந்துச்சு. என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்ல. அதப் போடு தாயி. கேக்கணும். கேட்டுட்டு அதையே கொண்டுபோய் அவரு மேசைல வெச்சிருவேன்.”

அக்கா கதவைச் சாத்திவிட்டுப் போட்டாள். அத்தைக்குக் கேட்க வேண்டும் என்று முழுச் சத்தத்தில் வைத்தாள்.

அங்கேதான் விபரீதம். அம்மா குழாயடியில் இருந்தார். அப்பா பேக்டரியில். மூடிய கதவுக்குள்ளிருந்து ஒப்பாரி வருகிறது. ‘என் ராசா’ என்று ஒரு பெண் கதறுகிறாள். லயம் என்ன நினைக்கும்? எங்கள் வீட்டு ராசா ஒருவர்தான். அத்தை முதல் இரண்டு அடி கேட்பதற்குள் வாசல் நிறைந்து கதவை இடித்தார்கள், அக்கா பெட்டியை நிறுத்திவிட்டாள். ஒரு சின்னம்மா தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டே ஓடி வந்து படியில் விழுந்து பாட ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் ஆள் அனுப்பித் தப்புக்காரரைக் கூப்பிடச் சொன்னார். அம்மா குடத்தைப் போட்டுவிட்டு மயங்கி விழுந்தார். அந்த நேரத்தில் அப்பா தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு வேலை முடிந்து வந்தார்.

“என்னாங்கடி, யாரு போயிட்டா?”

படியில் விழுந்து கிடந்த சின்னம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, “அய்யோ, வந்துட்டாரு!” என்று அலறினார்.

இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி கேட்டால் சாவு வழி தெரிந்துகொண்டு வந்துவிடும் என்று நம்பியவர்கள் நாம். அப்பாவோ உயிரோடு தன் எழவை வாசலில் நின்று பார்த்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. தன் நெஞ்சைத் தானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கங்காணி வந்தார். எல்லாரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “எதக் கழிக்கிறதுன்னு தெரிய வேணாமா? போடு பாப்போம்” என்றார். அக்கா அசையவில்லை. நான் போட்டேன். பத்து வயது. பெரியவர் கேட்டார், அழுத்தினேன்.

முழுவதும் கேட்டார். வெற்றிலையை மெல்லுவதை எந்த இடத்தில் நிறுத்தினார் என்று எனக்கு இப்போதும் தெரியும். ஒப்பாரி முடிந்து அடுத்த ராக் பாட்டின் கிதார் வெடித்ததும் திடுக்கிட்டு எழுந்து, “நிறுத்துடி அந்தச் சனியன!” என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அன்று சாமிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்கு முப்பது வயதாகும்வரை அப்படித்தான் நினைத்தேன்!

வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார். அந்தக் கேசட்டுக்குள் ஒரு சாவு மாட்டிக்கொண்டு நிற்கிறது. சுற்றச் சுற்ற அது ஆள் தேடும். ஆகவே நாளைக்கே ஆற்றங்கரையில் அதற்குக் கருமாதி செய்துவிட வேண்டும்.

கேசட்டுக்குக் கருமாதி! நண்பர்களே, உங்களில் பாதிப் பேர் அங்கே நின்றீர்கள். ஞாபகம் இல்லை என்று சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பனி இறங்கிய ஓடை. வாழையிலையில் பச்சரிசி, எள், பால். நடுவில் அக்காவின் கேசட். உறையில் அவள் கையெழுத்தில் பதினோரு பாட்டின் வரிசை. பூசாரிக்குக் குழப்பம்.

“பேரு சொல்லணுமே. யாரு பேருக்கு எள்ளு எறைக்கிறது?”

“கேசட்டுன்னு சொல்லுங்க சாமி,” என்றார் யாரோ.

“கோத்திரம்?”

“ஜப்பான்காரன் செஞ்சது,” என்று கூட்டத்தில் ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. “அந்தப் பய பேரையே சொல்லிருங்க. லோரி ஓட்டுனவன் பேரு” என்றார். அப்படியாக லோரிக்கார மாமாவுக்கு இரண்டாவது முறை கருமாதி நடந்தது. அத்தையை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே வந்து தூரத்தில் பிள்ளையோடு நின்றார்.

நாடாவை உருவச் சொன்னார்கள். அக்கா மாட்டேன் என்றாள். அப்பா அவள் கையைப் பிடித்து, “நான் சாகணுமாடி உனக்கு?” என்று கேட்டார். மிரட்டவில்லை, கெஞ்சினார். அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை வருஷம் கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரிந்திருக்கும். உண்மையாகப் பயந்த ஒரு நல்ல மனிதரின் கையை, பொய்யாகப் பயந்த ஒருவர் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். அக்கா உருவினாள். பழுப்பு நாடா மீட்டர் மீட்டராக வெளியே வந்து தண்ணீரில் நெளிந்து போனது. கும்மி போனது, கீர்த்தனை போனது, நீள முடிக்காரன் போனான். பால் ஊற்றினார்கள்.

மறுநாள் ஆபீசில் விசாரணை. ஜன்னலுக்கு வெளியே நானும் நின்றேன். அதிகாரி கொடுமையானவர் இல்லை, களைத்தவர். மலாயில் கேட்டார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார். “உன் புருஷன் முன்னாடி ஏதாச்சும் சொன்னானா?” அத்தை வாயைத் திறந்தார். மூடினார். பிள்ளையின் தலையைத் தடவினார். திரும்பக் கேட்டார்கள். கங்காணி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அத்தை ஓர் உப்புப் பொட்டலம் கேட்பதுபோல விரலை மட்டும் தூக்கி அவரைக் காட்டினார். கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை.

மாதக் கடைசியில் வீடு காலி. அத்தை கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அக்கா அதன் பிறகு எதையும் பதியவில்லை. ஈப்போவில் வாழ்க்கைப்பட்டுப் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவள் வீட்டில் கல்யாணத்துக்குக்கூடப் பாட்டுப் போடுவதில்லை. ‘தலைவலி’ என்பாள்.

போன வருஷம் நான் கம்போங் ராஜாவுக்குப் போனேன். ‘நீயும் வா’ என்று அக்காவைக் கூப்பிட்டேன். “எதுக்குடி? அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?” என்று போனை வைத்துவிட்டாள்.

பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்களின் நடுவே ஒரு கொட்டகை. அத்தைக்கு எழுபது நெருங்குகிறது. தக்காளியைப் பெரிசு சிறிசாகப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்ன பிறகும் கை நிற்கவில்லை.

“பாட்டுக்காரி தங்கச்சியா? நல்லாத் தொப்பை போட்டுட்ட லா.”

இப்போது நன்றாகப் பேசினார். சந்தையில் நாற்பது வருஷம். தேநீர் கொடுத்தார், மருமகளைத் திட்டினார், மழையைத் திட்டினார். பிறகு தக்காளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அன்னிக்கி நான் என்னத்தடி பாடுனேன்?”

எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். அந்த வரிகளை எத்தனையோ முறை நானே தேடிப் பார்த்துக் கிடைக்காமல் விட்டிருக்கிறேன். அவர் தலையாட்டினார். நான் “அதுக்கு முந்தின பாட்டு நல்லா ஞாபகம் இருக்கு அத்தை” என்று சிரித்துக்கொண்டே, லோரியில் வந்த அந்த இங்கிலீஷ் பாட்டின் கடைசி அடியை முணுமுணுத்தேன். கிதார் இறங்கி அடங்கும் இடம்வரை. பிறகு அந்த ‘ஸ்ஸ்’. மழை. என் மூச்சு. வாய் மூடவில்லை. தானாக அடுத்தது வந்தது:

செவ்வாக்கெழமை சொன்னீக – என் ராசா
பிரேக்குப் புடிக்கலன்னு
புதன்கெழமை சொன்னீக – என் ராசா
பெடலு தரையத் தொடுதுன்னு
வியாழக்கெழமை சொன்னீக – என் ராசா
வேற லோரி குடுங்கன்னு
வெள்ளிக்கெழமை ஏறுடான்னு – அந்தக்
கங்காணி சொன்னாரே

மஞ்சக் கயிறு கட்டிவிட்ட – என் ராசா
மகராசன் சொல்லுறாரு
விரதம் இருந்த வாயில – என் ராசா
சம்சு வாசம் வந்துச்சின்னு

கொட்டகைக்குள் மருமகள் எட்டிப் பார்த்து, “அய்யோ, வீட்ல என்ன இது, நிறுத்துங்க!” என்றாள். அத்தை கையைக் காட்டி அவளை நிறுத்தினார். நான் முடித்தேன். ஒரு தக்காளி அவர் கையில் அப்படியே இருந்தது.

“கெழம கெழமையாச் சொல்லியிருக்கேன்,” என்றார். “ஆபீசர் கேட்டதுக்குப் பதிலு.”

“ஆமா அத்தை.”

“இவ்வளவும் உனக்குள்ள இருந்துச்சு.”

கையிலிருந்த தக்காளியைக் கூடையில் வைத்தார்.

“பத்து வயசுல சொல்லல, சரி. சின்னப் புள்ள. இருவது வயசுல? முப்பதுல? அந்த ஆளு உசுரோட கோயில்ல பரிவட்டம் கட்டிக்கிட்டு நின்னானே, அப்ப? எம்புள்ள பள்ளிக்கூடத்துல ‘குடிகாரன் மகன்’னு அடி வாங்கிட்டு வந்தான், அப்ப? கேசட்டுத்தானேடி ஆத்துல போச்சு. நீ எங்க போயிருந்த?”

ஞாபகம் இல்லாமல் போயிருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். தேவைப்பட்டவர் வீட்டு வாசலுக்கு ஒருமுறைகூடப் போகாமல் இருந்தால் எதுவும் ஞாபகத்துக்கு வராது என்பதும் உண்மைதான். கங்காணியின் மேல் இத்தனை வருஷம் வளர்த்த கோபம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது!

வெளியே லோரி வந்து நின்றது. நாற்பதைத் தாண்டிய மகன், முழங்கால்வரை சேறு, அப்பாவின் அதே அகலமான நெற்றி. கூடைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, “யாரும்மா?” என்றான்.

“கூடைய எறக்கி வெச்சிட்டு உக்காருடா.” பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. “ம். செவ்வாக்கெழமைலேருந்து ஆரம்பி.”